பூவுக்கு நாள் பார்த்தோம், அம்மம்மாவுக்குப் பார்க்கவில்லை: ஒரு குடும்பப் படத்தின் நிகழ்வு ஆய்வு

புகைப்படக்காரனான எனக்கு இந்த வேலையைக் கொண்டுவந்தவர் அம்மம்மாவின் பேத்தி. மார்ச் நடுப்பகுதி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தெருவோரங்களில் இன்னும் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. "அண்ணா, எங்கட முழுக் குடும்பமும் ஒரு படம். ஹை பார்க்கில, செரிப் பூ பூக்கேக்க. அம்மம்மாவுக்கு 84 ஆகுது" என்றார். கூடவே கைபேசியில் ஒரு மாதிரிப் படம் வந்தது. வெள்ளைக்காரப் பெற்றோர், இரண்டு பிள்ளைகள், பின்னால் இளஞ்சிவப்பாய்ப் பூ, எல்லாம் பாலில் கரைத்தது போன்ற வெளிறிய ஒளி. இதே போல வேண்டும் என்றார். நானும் யோசிக்காமல் சம்மதித்தேன்.

படத்தில் நிற்க வேண்டியவர்கள் 14 பேர். அம்மம்மா, இரண்டு மகள்மார், மூத்த மகன், அவர்களின் துணைகள் மூவர், பேரப்பிள்ளைகள் ஐவர், பேத்தியின் கணவர், ஒன்றரை வயதுப் பூட்டப்பிள்ளை. பதினைந்தாவது ஆளைப் பற்றி அப்போது யாரும் சொல்லவில்லை. அம்மம்மா வீட்டுக்குள் தடி பிடித்து நடப்பார், வெளியில் சக்கர நாற்காலி. இதை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் குறிப்பேட்டில் அது பதினோராவது வரியில் இருந்தது. முதல் வரியில் "பூ எப்போது" என்று எழுதியிருந்தேன்.

ஹை பார்க் மரங்களின் கதை எங்கட ஆட்களில் பலருக்குத் தெரியாது. 1959இல் ஜப்பானியத் தூதுவர் தோரு ஹகிவாரா, ரோக்கியோ மக்களின் சார்பில் ரொறன்ரோ மக்களுக்கு 2,000 சோமெய் யொஷினோ வகைச் செரிக் கன்றுகளைக் கொடுத்தார். போர்க்காலத்தில் கனடிய அரசே மேற்குக் கரையிலிருந்து பெயர்த்தெறிந்த ஜப்பானியக் கனடியர்களுக்கு இந்த நகரம் பிறகு இடம் கொடுத்ததற்கான நன்றி அது. இடம்பெயர்ந்தவர்களின் பெயரால் நட்ட மரங்களின் கீழே இடம்பெயர்ந்த இன்னொரு கூட்டம் சீலை கட்டி நின்று படம் எடுப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அந்த மயக்கமும் என் கண்ணைக் கொஞ்சம் மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பூ வழமையாக ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வரும். முழுப் பூப்பு நாலு நாளும் நிற்கலாம், பத்து நாளும் நிற்கலாம். ஒரு மழையும் காற்றும் சேர்ந்தால் ஒரே இரவில் தரையில் கிடக்கும். 2016இல் காலநிலை குழம்பி மரங்கள் பூவே காட்டவில்லை என்று சொல்லலாம். அப்படிப்பட்ட பூவுக்கு 14 பேரின் வேலை நாள், பள்ளி நாள், மருந்து நேரம் எல்லாவற்றையும் கட்டிவைத்தோம்.

முதல் நாள்

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் ஐந்தரை. நேரம் நான் தேர்ந்தது. அன்று சூரியன் மறைவது எட்டேகால் அளவில். ஏழு மணிக்குப் பிறகு வரும் பொன் ஒளிக்கு முன் குழுப்படத்தை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பேத்தி கேட்ட கனவு மாதிரிப் படங்களை எடுக்கலாம் என்பது கணக்கு.

பூ உச்சத்தில் இருக்கும் நாட்களில் பூங்காவுக்குள் கார் விடமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு சக்கர நாற்காலிக்கு அது என்ன என்று யோசிக்கவில்லை. கார்களைப் பக்கத்துத் தெருக்களில் தேடித்தேடி விட்டு, ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கடைசிக் குடும்பம் வரும்போது ஆறு இருபது. பூ நிறைந்து நிற்பது கிரெனேடியர் குளத்தை நோக்கி இறங்கும் சரிவில். முதல் நாள் மழையில் புல் ஊறியிருந்தது. இரண்டு மருமக்கள் நாற்காலியை முன்னும் பின்னும் பிடித்து இறக்கினார்கள். அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்றபடி வந்தார். வெப்பநிலை 8 பாகை. பட்டுச் சீலைக்கு மேல் கறுத்தத் தடித்த ஜக்கெற். அதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரிவு மேற்கே பார்க்கிறது. ஆட்களைக் குளத்தைப் பார்த்து நிறுத்தினால் பின்னேர வெயில் நேரே கண்ணில் அடிக்கும், எல்லோரும் முகத்தைச் சுழிப்பார்கள். திருப்பி நிறுத்தினால் பின்னால் குளம், வானம், முன்னூறு அந்நியர். திருப்பித்தான் நிறுத்தினேன். அங்கேதான் பெரிய பிழை வெளித்தது.

சோமெய் யொஷினோ பூ படத்தில் இளஞ்சிவப்பாய்த் தெரிந்தாலும் நேரில் கிட்டத்தட்ட வெள்ளை. எங்கட தோலுக்கும் அந்தப் பூவுக்கும் இடையில் இரண்டு ஸ்டொப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பு). அதாவது பூ திருப்பியனுப்பும் ஒளி முகத்தைவிட நாலு மடங்குக்கு மேல். பூ நிழலிலும் முகம் வெயிலிலும் இருந்தால் சமாளிக்கலாம். அன்று நிலைமை தலைகீழ்: பூவுக்கு வெயில், முகத்துக்கு நிழல். முகத்துக்கு ஒளி வைத்தால் பூ வெறும் வெள்ளைத் தாள். பூவுக்கு வைத்தால் அம்மம்மாவின் முகத்தில் கண் எது, சுருக்கம் எதுவென்று தெரியாது. பிளாஷ் இருந்தது. ஆனால் அதன் ஒளியை மென்மையாக்கும் குடையை விரித்தால் அந்தக் காற்றுக்கும் கூட்டத்துக்கும் யாராவது ஒருவரின் தலையில்தான் விழும்.

மாதிரிப் படத்தின் அந்தப் பால் வெளிறல் வெளிர்தோலுக்கு ஏற்ற சமையல் முறை. ஒளியைக் கூட்டி, கறுப்பைத் தூக்கி, நிறத்தை இளக்கினால் வெள்ளைக்கார முகம் பூவோடு சேர்ந்து மலரும். அதே முறையை மாநிறத்துக்குச் செய்தால் தோல் சாம்பல் பூசியது போலாகும். கொடக் நிறுவனம் பல பத்தாண்டுகள் தன் வண்ணச் சோதனை அட்டைக்கு வெள்ளைத்தோல் பெண்களின் படத்தையே வைத்திருந்தது. ஃபிலிம் போய்விட்டது, அந்தப் பழக்கம் இப்போது விலைக்கு விற்கும் பிரீசெட்டுகள் என்ற தயார் எடிட்டிங் அமைப்புகளுக்குள் குந்தியிருக்கிறது. மார்ச்சிலேயே பேத்தியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை கைமாறிவிடுமோ என்ற பயத்தில் சொல்லவில்லை.

ஏழு மணிக்குப் பூட்டப்பிள்ளை அழத் தொடங்கியது. அம்மம்மாவின் விரல்கள் குளிரில் நீலம் பாரித்ததை மூத்த மகள்தான் கண்டார். "தம்பி, காணும். அம்மாவால ஏலாது" என்றார். பொன் ஒளி வந்தபோது குடும்பம் காருக்குப் போய்க்கொண்டிருந்தது. எடுத்தது 412 படங்கள். கொடுக்கத் தகுந்தவை 9. அந்த ஒன்பதிலும் 14 பேரும் கண் திறந்து இருப்பது ஒன்றுகூட இல்லை.

ஒரு தேத்தண்ணி

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இன்னொரு நாள் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லத்தான் போனது. தேத்தண்ணி வந்தது, பயத்தம் பணியாரம் வந்தது. அம்மம்மா முன்கூடத்தில் இருந்தார். அன்றைக்குக் காலை பதினொரு மணி. ஆள் வேறு ஆளாய்த் தெரிந்தார். கலகலவென்று பேச்சு. மகளிடம் கேட்டேன். காலைக் குளிசை போட்டால் பத்திலிருந்து பன்னிரண்டரை வரை இப்படித்தான், மூன்று மணிக்குப் பிறகு களைத்துவிடுவார் என்றார். மார்ச்சில் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி இது.

அம்மம்மாவிடம் என்ன மாதிரிப் படம் வேண்டும் என்றும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோவில் எடுத்த ஒரு படத்தைச் சொன்னார். அவரும் கணவரும் கதிரையில், நாலு பிள்ளைகள் சுற்றி. பின்னுக்குக் குளமும் அன்னமும் கீறின ஒரு திரை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, வலிகாமத்தை விட்டு வெளிக்கிடும்போது அல்பம் வீட்டோடு நின்றுவிட்டது. "குளமும் அன்னமும் எனக்கு ஞாபகமே இல்லையெண்டு வையும். பிள்ளையளின்ர முகம்தான் ஞாபகம். பூவை ஆர் பாக்கிறது, தம்பி? முகம் தெரிய எடும்."

"நாலு பிள்ளைகள்" என்றதும் நான் எண்ணிப் பார்த்தேன். இங்கே மூன்றுதான். சின்ன மகன் பாரிஸில். விசா கிடைக்கவில்லை. அவரையும் படத்தில் சேர்க்க முடியுமா என்று பேத்தி மெல்லக் கேட்டார்.

எங்கட ஸ்ரூடியோக்காரருக்கு இது புதிது இல்லை. ஒருவர் லண்டனில், ஒருவர் வவுனியாவில், தகப்பன் காலமாகிவிட்டார், எல்லோரும் ஒரே சோபாவில். முப்பது வருடமாகச் செய்கிறார்கள், பெரும்பாலும் அசிங்கமாகச் செய்கிறார்கள். கழுத்து ஒரு பக்கம், நிழல் மறுபக்கம், தகப்பனின் தலை மகனுடையதைவிடச் சிறிது. எனக்கு அந்த வேலையில் எப்போதும் ஒரு கூச்சம். ஆனால் எடுக்கும்போதே அந்த இடத்தை வைத்து எடுத்தால் பாதிப் பிழை வராது. ஆகவே இரண்டாம் நாளின் திட்டம் அம்மம்மாவில் தொடங்கி, பாரிஸ் மகனுக்குப் போய், கடைசியில்தான் பூவுக்கு வந்தது.

இரண்டாம் நாள்

இடம் ரொசெட்டா மக்கிளெயின் தோட்டம். ஸ்காபரோ செங்குத்துக் கரையின் விளிம்பில், கிங்ஸ்ரன் வீதியோரம். ரொபேட் மக்கிளெயின் தன் மனைவி ரொசெட்டாவின் நினைவாக நகரத்துக்குக் கொடுத்த நிலம். தளம் போட்ட சமமான நடைபாதைகள், கதிரையில் இருந்தபடியே பூவைத் தொடக்கூடிய உயர்த்திய பாத்திகள். இங்கே கல்யாணப் படம் பத்து இருபது எடுத்திருக்கிறேன், ஆனால் அந்தப் பாத்திகளின் உயரத்தை ஒருபோதும் கவனித்ததில்லை. அவர்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட ஓட்டம். கூலிக்குப் படம் எடுக்க நகரத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும், எடுத்தேன்.

தனியாக முன்கூட்டிப் போய் ஒரு காலை முழுக்க அங்கே நின்றேன். வசந்தத்தில் ஏரி இன்னும் உறைகுளிராய் இருக்கும். நகரத்துக்குள் 20 பாகை என்றாலும், ஏரிக்காற்று கிளம்பினால் கரையோரம் சட்டென்று குளிரும். வெயில் ஏற ஏறத்தான் அந்தக் காற்று வலுக்கும், ஆகவே நண்பகலுக்கு முன் முடிக்க வேண்டும். பத்தரைக்கு வெயில் கிட்டத்தட்ட 48 பாகை உயரத்தில், தென்கிழக்கில். எந்தப் படப்பிடிப்பு வகுப்பிலும் இந்த நேரத்தில் படம் எடுக்காதே என்பார்கள். நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நிழல் தேட வேண்டும். மே நடுப்பகுதியில் இங்கே மேப்பிளும் ஓக்கும் பாதி இலைதான் விரித்திருக்கும். அந்த நிழல் சல்லடை. முகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. அடர்த்தியான நிழல் பைன் மரத்துக்குத்தான். நடைபாதைக்கு அருகே நின்ற ஒரு பைன் கூட்டத்தின் நிழல் விளிம்பைத் தேர்ந்தேன். ஆட்கள் நிழலின் ஓரத்தில், வடமேற்கைப் பார்த்து. தலைக்குப் பின்னால் வெயில் மரத்தில் தடுபடும். முன்னால் திறந்த வானம், அதற்குக் கீழே வெயில் விழும் கொங்கிறீட் நடைபாதை. அந்தப் பாதைதான் அன்றைய பெரிய விளக்கு. புல்லில் நிறுத்தியிருந்தால் இளம்புல்லின் பச்சை தாடைக்குக் கீழே ஏறி ஆட்களுக்குக் காமாலை வந்ததுபோல் இருக்கும். வசந்தத்துப் புல் கோடைப் புல்லைவிட மஞ்சள் கூடிய பச்சை, ஆகவே இந்தத் தொல்லையும் கூட.

பூ எங்கே என்றால், பன்னிரண்டு மீற்றர் பின்னால், வெயிலில் நின்ற ஒரு டுலிப் பாத்தி. உருவமாய்த் தெரியாமல் நிறமாய் மட்டும் தெரியும் தூரம்.

உடை விஷயத்தில் இந்த முறை வாய் திறந்தேன். மூத்த மகளுக்கு மஜெந்தாக் காஞ்சிபுரம் கட்டத்தான் ஆசை. கட்டட்டும் என்றேன், ஆனால் ஓரத்தில் நிற்க வேண்டும், நடுவில் நின்றால் பக்கத்து ஆளின் கன்னத்தில் அந்த நிறம் ஏறும். கடுஞ்சிவப்புப் பட்டில் இன்னொரு பொறி உண்டு. கமராவின் பொது ஒளி வரைபடம் (ஹிஸ்டகிராம்) எல்லாம் சரி என்று காட்டும், சிவப்பு வரைபடம் மட்டும் அளவு மிஞ்சிச் சுவரில் மோதி நிற்கும், மடிப்பெல்லாம் காணாமல் போய் சீலை பிளாஸ்டிக் போலாகும். மூன்று நிறத்தையும் தனித்தனியே பார்த்து ஒரு ஸ்டொப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒளியைக் குறைத்து எடுத்தேன். அம்மம்மாவுக்கு வெளிர்நீலக் கைத்தறிச் சீலை. எல்லோரிலும் ஒளி கூடிய துணி அவருடையது. கண் தானாக அங்கே போகும்.

நிறுத்திய விதம்: அம்மம்மாவை சக்கர நாற்காலியிலிருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மரக்கதிரைக்கு மாற்றினோம். மடியில் பூட்டப்பிள்ளை, இரு பக்கமும் பள்ளிப் பிள்ளைகள் இருவர். நடுவரிசையில் மகள்மார், மகன், துணைகள், ஆறு பேர். பின்வரிசை நாலு இளசுகள், பாத்திச் சுவரின் படியில். நடுவரிசையில், அம்மம்மாவின் கதிரைக்கு நேர் பின்னால், ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி. நான் முதலில் அந்த இடைவெளியைப் பின்வரிசை ஓரத்தில் வைக்கத்தான் நினைத்தேன், ஒட்டுவதற்குச் சுகம். அம்மம்மா விடவில்லை. "அவன் சகோதரங்களோட நிக்கவேணும். பேரப்பிள்ளையளோட ஏன் நிக்கிறான்?" அவர் சொன்னதால் எனக்கும் நன்மை: கதிரை மறைப்பதால் பாரிஸ்காரரின் சப்பாத்து தேவையில்லை. ஒட்டுப்படங்கள் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காலடியில்தான்.

85 மில்லிமீற்றர் லென்ஸ், 10 மீற்றர் தூரம், எஃப் 5.6, நொடியில் 250இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 400. சூத்திரப்படி லென்ஸை இன்னும் திறந்து எஃப் 2.8இல் எடுத்தால்கூட மூன்று வரிசையும் கூர்மையாக விழும். ஆனால் 30 அங்குல அச்சில் பின்வரிசைக் கண்கள் இளகிப்போகும், அதை வாங்குபவர் சொல்லமாட்டார், சும்மா ஏதோ குறைகிறது என்பார். பெரிய வெள்ளைக் குடையோடு ஒரு பிளாஷ், முன்வரிசையிலிருந்து 6 மீற்றர் தள்ளி. 2 மீற்றரில் வைத்திருந்தால் அதற்கு 2 மீற்றர் பின்னால் நிற்பவருக்கு ஒளி கால் பங்குதான் போகும். 6 மீற்றரில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதன் சக்தியை இயல்பொளிக்கு ஒரு ஸ்டொப் கீழே வைத்தேன், கண்ணில் ஒரு சிறு பொட்டு ஒளிக்காக.

கண் இமைப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கண்டுபிடித்து, 2006இல் கணிதத்துக்கான இக்நோபல் பரிசும் வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைந்த குழுவில், நல்ல ஒளியென்றால் ஆள்தொகையை மூன்றால் பிரி, ஒளி குறைந்தால் இரண்டால். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்கும். எங்களுக்கு ஐந்திலிருந்து ஏழு. அவர்கள் கணக்கில் ஒன்றரை வயதுக்காரர் இல்லை. நான் 20 எடுத்தேன்.

அதில் பாதி நேரம் கமராவை முக்காலியில் விட்டுவிட்டு பக்கத்தில் நின்று கதைத்தேன். "அம்மம்மா, இஞ்ச பாருங்கோ" என்றால் அவர் விறைப்பாக நிமிர்ந்து, பாஸ்போர்ட் முகம் வைப்பார். அந்தத் தலைமுறைக்குப் படம் என்றால் அடையாள அட்டைதான். அன்னம் கீறின திரையைப் பற்றி மறுபடி கேட்டேன். "அன்னமா அது? தாராவெல்லோ!" என்று மகள் இடையில் சொல்ல, நடுவரிசை முழுக்கச் சிரித்தது. பதினேழாவது படம் அது.

குழுப்படம் முடிந்ததும் அம்மம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, தன்னைத் தனியாகவும் ஒன்று எடுக்கச் சொன்னார். தோளுக்கு மேல், வெறும் பின்னணி. எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பைனின் கரும்பச்சையை வைத்து ஐந்து எடுத்தேன். பேத்திக்கும் கணவருக்கும் பிள்ளைக்கும் டுலிப் பாத்திக்குப் பக்கத்தில், லென்ஸை முழுதாய்த் திறந்து, அவர் ஆசைப்பட்ட கரைந்த பின்னணியோடு எடுத்துக்கொடுத்தேன். நல்லாய்த்தான் வந்தது. பதினொன்று இருபதுக்கு ஏரிக்காற்று வந்தது, எல்லோரும் காருக்குப் போனார்கள். ஐம்பது நிமிடம், 138 படங்கள், கொடுத்தவை 24.

பாரிஸ் படம்

ஆட்கள் போன பிறகு அதே கமரா நிலையில், கதிரையை மட்டும் வைத்து ஒரு வெற்றுப் படமும், இடைவெளியில் என் உதவியாளரை நிறுத்தி ஒரு படமும் எடுத்தேன். உதவியாளர் படத்தைப் பாரிஸுக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: 85 மில்லிமீற்றர், அதே 10 மீற்றர், கமரா தரையிலிருந்து 140 சென்ரிமீற்றர், திறந்த நிழலில், முகத்துக்கு முன்னால் வெளிச்சமான தரை, வெயில் உங்கள் இடது தோளுக்குப் பின்னால். கைகள் கீழே, பின்னணி எதுவானாலும் சரி. தூரத்தை மட்டும் மாற்றவேண்டாம் என்று இரண்டுதரம் எழுதினேன். கிட்ட நின்று எடுத்தால் மூக்குப் பெருக்கும், முகத்தின் அமைப்பே மாறும், பிறகு எவ்வளவு சுருக்கினாலும் அந்நிய ஆளாய் நிற்பார்.

ஒரு மாதம் கழித்து வந்த படத்தில் தூரம் சரி, உயரம் சரி, வெயில் வலது தோளில். இடவலம் புரட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் தலைவகிடு மாறும், சட்டைத் தெறி மாறும், இடது புருவத்துக்கு மேல் இருக்கும் தழும்பு வலதுக்குப் போகும். பெற்ற தாய்க்கு அது தெரியாமல் போகுமா? மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகும் முன் எடுத்ததாம். இந்த முறை எல்லாம் பொருந்தியது. ஒட்டும் வேலை இரண்டு பின்னேரம். அதிகம் மினக்கெட்டது பக்கத்தில் நின்ற அண்ணனின் தோள் நிழலை அவர் சட்டையில் விழுத்த.

24க்கு 36 அங்குலத்தில் அச்சிட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், காலை பதினொரு மணிக்கு. மகள்மார் ஒட்டு தெரிகிறதா என்று முகத்தை வைத்துத் தேடினார்கள். அம்மம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைத் தன் தலைக்கு மேலே நின்றவரிடம் கொண்டுபோனார்.

"சின்னவன் நல்லா மெலிஞ்சுபோனான்" என்றார். பிறகு மூத்த மகளைப் பார்த்து, "பின்னேரம் அவனுக்கு ஒருக்கா ஃபோன் அடி."